தோட்டத்தில் பெயர் தெரியாத புழுவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் பதினான்கு வருடமாகத் தொட்டியில் செடி வளர்த்து வருகிறேன். இரண்டு மழை பெய்தால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் புழுப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். படத்துக்குக் கீழே அநேகமாக ஒரே கேள்விதான்: "இது என்ன புழு? கொன்றுவிடலாமா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெயரைக் கண்டுபிடிக்கும் வரை கையை ஓங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முன்பின் பார்க்காத புழு ஒன்று செடியில் இருக்கிறது. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

புழுவை விடுங்கள், அது இருக்கும் செடியைப் பாருங்கள். புழுவின் விலாசமே அந்தச் செடிதான். பல வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் ஒரே செடியில், அல்லது அந்தச் செடியின் சொந்தக்காரச் செடிகளில் மட்டும்தான் முட்டையிடும். தாய்ப்பூச்சி இலையில் உட்கார்ந்து முன்காலால் தட்டித் தட்டி ருசி பார்க்கும். சரியான இலை என்று தெரிந்த பிறகுதான் முட்டை வைக்கும். அதனால் "பச்சைப் புழு, விரல் நீளம்" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. "நந்தியாவட்டையில் பச்சைப் புழு" என்றால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அது இலையைத்தான் தின்கிறதா என்று பாருங்கள். புழு உட்கார்ந்திருக்கும் இலை முழுசாக இருக்கிறது, ஆனால் அங்கே செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியோ மாவுப்பூச்சியோ மொய்த்துக் கிடக்கிறது என்றால், அந்தப் புழு அநேகமாக அவற்றைத் தின்ன வந்ததுதான். இலை கடிபட்டு, கீழே மிளகு போல கறுப்பு உருண்டைகள் கிடந்தால் அது இலை தின்னும் புழுவின் எச்சம். ஆளைக் காணோமே, இலை மட்டும் காலியாகிறதே என்று தேடும்போது, அந்த உருண்டைகளுக்கு நேர் மேலே பாருங்கள். அங்கேதான் இருக்கும்.

கால்களை எண்ணச் சொல்கிறார்களே, எதற்கு?

பூச்சி எந்த வகை என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டின் புழுக்களுக்கும் தலையை ஒட்டி மூன்று ஜோடிக் கால்கள் இருக்கும், சின்னதாக, கூர்மையாக. அவைதான் உண்மையான கால்கள். நடு உடம்பிலும் வால் முனையிலும் இருக்கும் சதைப்பற்றான குட்டைக் கால்கள் போலிக்கால்கள். வழக்கமாக நடுவில் நான்கு ஜோடி, வாலில் ஒரு ஜோடி, ஆக ஐந்து ஜோடி. நடுவில் ஒரே ஜோடிதான் இருந்தால், சாண் போட்டு அளப்பது போல வளைந்து நிமிர்ந்து நடக்கும் புழு அது. உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கக் கால் இல்லாததால்தான் அந்த நடை.

போலிக்கால் ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சியும் இல்லை, அந்துப்பூச்சியும் இல்லை. குளவி இனத்தைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழு. முள்ளங்கி, கடுகு இலைகளைச் சல்லடையாக்கும் கறுத்த புழுவைப் பிடித்து எண்ணினால் எட்டு ஜோடி இருக்கும். தொட்டால் சுருண்டு கீழே விழுந்துவிடும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இலைப்புழுவுக்கென்று கடையில் கொடுக்கும் பி.டி. பாக்டீரியா மருந்து ரம்ப ஈப் புழுவை ஒன்றும் செய்யாது. காலை எண்ணாமல் காசைச் செலவழித்தவர்கள் நிறைய பேர்.

மூன்று ஜோடி உண்மையான கால் மட்டும் இருந்து போலிக்காலே இல்லை என்றால் பெரும்பாலும் வண்டுப் புழு. காலே இல்லாவிட்டால் ஈயின் புழுவாகவோ கூன்வண்டின் புழுவாகவோ இருக்கலாம். தலை தனியாகக் கெட்டியாக, பழுப்பாகத் தெரிந்தால் கூன்வண்டு. ஒரு முனை கூம்பிப்போய்த் தலையே தெரியாவிட்டால் ஈ.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டதும் அசைந்தது. என்ன அது?

அது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலை அழகியாகவும் இருக்கலாம். இரண்டுமே கறிவேப்பிலையிலும் எலுமிச்சை, நாரத்தையிலும் முட்டை வைக்கும். வில்வத்திலும் பார்க்கலாம். முட்டையைக் கடுகளவு வெளிர்மஞ்சள் முத்து போல, தளிர் இலையில் தனித்தனியாக ஒட்டி வைக்கும்.

இளம் புழு கறுப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் திட்டோடு இருக்கும். இலையின் மேல் வெட்டவெளியில் ஆடாமல் அசையாமல் கிடக்கும். எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? நான்கு முறை தோல் உரித்த பிறகு ஆளே மாறிவிடும். உடம்பு பச்சையாகி, முதுகில் சாய்ந்த பழுப்புப் பட்டைகள் விழுந்து, முன்பக்கம் தடித்துக் கண் போன்ற புள்ளிகளோடு குட்டிப் பாம்பு மாதிரி நிற்கும். இந்த இரண்டையும் வெவ்வேறு புழு என்று நினைத்து எனக்குத் தனித்தனியாகப் படம் அனுப்பியவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான், வயதுதான் வேறு.

பச்சைப் பருவத்தில் ஒரு குச்சியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் (கறிவேப்பிலை அழகியாக இருந்தால் நல்ல சிவப்பில்) இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே வரும், பாம்பு நாக்கு போல. கூடவே அழுகிய எலுமிச்சை வாடை. கடிக்காது, கொட்டாது. எறும்பையும் சின்னப் பூச்சிகளையும் விரட்டத்தான் அந்த வாடை. ஒரு நிமிடம் விட்டால் கொம்பு உள்ளே போய்விடும்.

சின்னச் செடியில் ஐந்தாறு புழு இருந்தால் மொட்டையடித்துவிடும் என்பது உண்மைதான். நான் இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை இலையோடு கிள்ளி, தெருமுனையில் இருக்கும் பெரிய நாரத்தை மரத்தில் விட்டுவிடுவேன். வளர்ந்த கறிவேப்பிலை மரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கிள்ளிவிட்டால் துளிர்க்கும் செடி அது.

விரல் தடிமனில் பச்சைப் புழு, வாலில் கொம்பு. விஷக் கொடுக்கா?

இல்லை. அது வெறும் சதைக் கொம்பு, யாரையும் குத்தாது. பருந்து அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்கெல்லாம் இந்த வால் கொம்பு உண்டு. நந்தியாவட்டையிலும் அரளியிலும் பார்த்தீர்கள் என்றால் தலைக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் நீலமும் வெள்ளையுமாக ஒரு கண் இருக்கும். சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே அந்தக் கண்கள் இரண்டும் அகலமாக விரிந்து உங்களையே முறைக்கும். முதல் தடவை பார்ப்பவர் பின்வாங்குவது இயல்பு.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே புழு முதுகெல்லாம் பழுப்பேறி, செடியை விட்டு இறங்கித் தரையில் அவசர அவசரமாக ஓடும். நோய் வந்துவிட்டதோ என்று கேட்பார்கள். நோய் இல்லை. சருகுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஒரு தொட்டியில் காய்ந்த இலைகளைக் கொஞ்சம் போட்டு அதை உள்ளே விடுங்கள்.

எள்ளிலும் கத்தரியிலும் இதைவிடப் பெரிதாக, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகளோடு, வால் கொம்பு சொரசொரவென்று வளைந்து இருந்தால், அது முதுகில் மண்டை ஓட்டுப் படம் போட்ட அந்துப்பூச்சியின் புழு. ஒன்றிரண்டுதான் வரும். கையால் எடுத்து வேறிடத்தில் விட்டாலே போதும்.

மயிர் இருக்கும் புழு எல்லாமே அரிக்குமா?

எல்லாமே அரிக்காது. ஆனால் எது அரிக்கும் என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். மயிர் வேறு, முள் வேறு என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். பேஷன் ஃப்ரூட் கொடியில் செம்பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு கூட்டமாக இருக்கும் புழு பார்க்கத்தான் பயங்கரம். அந்த முள் குத்தாது. அது ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்களோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகளோடு இருக்கும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் தொட்டால் ஒன்றும் செய்யாது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் தின்னும் பறவைக்குத்தான் தொல்லை. "என்னைத் தின்னாதே" என்று பறவைக்குச் சொல்லத்தான் அந்தப் பளிச்சென்ற நிறம்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று முருங்கைக் கம்பளிப்பூச்சி. மழைக்காலத்தில் பகலெல்லாம் அடிமரத்துப் பட்டையில் சாக்கு விரித்தது போல நூற்றுக்கணக்கில் அப்பிக்கிடக்கும். இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும். அந்த மயிர் காற்றில் பறந்து பட்டாலே அரிப்புதான். தீப்பந்தம் காட்டிக் கொளுத்துவது நம் ஊர் வழக்கம். கொளுத்தும்போதும் மயிர் பறக்கும், மரப்பட்டையும் வெந்துபோகும். மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, பகலில் அவை அப்பியிருக்கும்போதே அடிப்பது மேல்.

இன்னொன்று தென்னை, மா, வாதாம் மரங்களில் வரும் இளம்பச்சைப் புழு. முதுகில் நீலக் கோடு, ஓரமெல்லாம் கொத்துக் கொத்தாக முள். கால் தெரியாது, நத்தை போல வழுக்கிக்கொண்டு போகும். பொம்மை மாதிரி அழகாக இருப்பதால் குழந்தைகள் கை நீட்டிவிடும். தொட்டால் நெருப்புப் பட்டது போல எரியும். வாதாம் மரத்தடியில் விளையாடும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு புழுவையாவது படத்தில் காட்டி வைத்துவிடுங்கள்.

தெரியாமல் தொட்டுவிட்டேன், எரிகிறது. என்ன செய்ய?

தேய்க்காதீர்கள். தேய்த்தால் மயிர் இன்னும் உள்ளே ஏறும். செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள், மயிரும் முள்ளும் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால், மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அதில் சில மட்டும் பெரிதாக, வேகமாக ஓடுகின்றன. அதுவும் மாவுப்பூச்சிதானா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் இது.

செடி வளர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம். எங்கள் அடுக்குச் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. அவற்றுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு இழைகள் நீள நீளமாகத் தொங்க, மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு பெரிய பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. இதுதான் தாய் மாவுப்பூச்சி என்று நானே முடிவு செய்து, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து நசுக்கினேன். மறுவாரம் மாவுப்பூச்சி முன்னைவிட அதிகமாகிவிட்டது. நான் கொன்றது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்களை. கிரிப்டோலேமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. யாரும் கூப்பிடாமல் என் மாடிக்கு வந்திருந்தது.

பிரித்துப் பார்ப்பது எளிது. ஒரு குச்சியால் தொடுங்கள். மாவுப்பூச்சி ஆடி அசைந்து நகரும், அல்லது நகரவே நகராது. கிரிப்டோலேமஸ் புழு விறுவிறுவென்று ஓடும். மாவுப்பூச்சியின் ஓரத்து இழைகள் குட்டையாக, சீராக இருக்கும். இதன் இழைகள் நீளமாக, கலைந்த தலைமுடி போல நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். புரட்டிப் போட்டால் மூன்று ஜோடிக் கால்கள் தெளிவாகத் தெரியும்.

மாவு பூசிக்கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்திலேயே இருக்கும் இன்னொரு புழுவும் உண்டு. அது ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியினுடையது. வண்ணத்துப்பூச்சிப் புழு என்றால் இலைதான் தின்னும் என்று நினைப்போம். இது மாவுப்பூச்சியை மட்டுமே தின்னும். இதன் கூட்டுப்புழுவை நேராகப் பார்த்தால் ஒரு குரங்கு முகம் தெரியும், கண், மூக்கு எல்லாம் வைத்தது போல. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாக வந்து பரவியபோது அதைத் தின்றவற்றில் இதுவும் ஒன்று. செம்பருத்தியிலோ பப்பாளியிலோ அந்தக் குரங்கு முகத்தைப் பார்த்தீர்கள் என்றால் எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

கறுப்பாக, குட்டி முதலை மாதிரி, ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு பூச்சி அவரைக்கொடியில் ஊர்கிறதே?

பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது. பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் பிள்ளையைத்தான் யாருக்கும் தெரிவதில்லை. விட்டுவிடுங்கள்.

கத்தரி இலையில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அங்கே மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு ஒரு புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டிச் சுரண்டி வலை போல ஆக்கியிருக்கும். அதுவும் பொறிவண்டு இனம்தான், ஆனால் இலை தின்னும் இனம். வளர்ந்தால் மங்கலான செம்பழுப்பு முதுகில் 28 புள்ளியோடு, பளபளப்பில்லாமல் இருக்கும். நிறத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டைப் பார்ப்பதுதான் நம்பகம். இலை சுரண்டப்பட்டிருந்தால் எடுத்துப் போடுங்கள், அசுவினி மொய்த்திருந்தால் விடுங்கள்.

அசுவினிக் கூட்டத்தில் காலில்லாத, அட்டை போன்ற பச்சைப் புழு இருந்தால் அது மிதவை ஈயின் புழு. முதுகில் குப்பையும் செத்த பூச்சிகளின் தோலும் சுமந்துகொண்டு ஒரு சின்னக் குப்பை மூட்டை தானாக நகர்ந்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. இரண்டும் நம் பக்கம்தான்.

தொட்டி மண்ணைக் கொட்டினால் வெள்ளையாகக் கொழுத்த புழுக்கள், 'சி' எழுத்து போலச் சுருண்டு கிடக்கின்றன. வேரைத் தின்றுவிடுமா?

மூன்று வகை வண்டுகளின் புழுக்கள் இப்படி இருக்கும். மூன்றுக்கும் ஒரே தண்டனை கொடுப்பது நியாயமில்லை.

ஒரு சோதனை இருக்கிறது. புழுவை எடுத்துச் சமமான தரையில், ஒரு தட்டிலோ சிமென்டிலோ வையுங்கள். நேராகப் புரண்டு கால்களால் நடக்கப் பார்த்தாலோ, அப்படியே பக்கவாட்டில் சுருண்டு கிடந்தாலோ அது வேர்ப்புழுவாகவோ காண்டாமிருக வண்டின் புழுவாகவோ இருக்கலாம். மல்லாக்கப் படுத்து, கால்கள் ஆகாயத்தைப் பார்க்க, முதுகாலேயே நெளிந்து நெளிந்து நகர்ந்தால் அது பூ வண்டின் புழு. முதுகால் நடக்கும் இந்தப் புழு மக்கும் இலையையும் சாணத்தையும் தின்று நல்ல எருவாக்கும். அதைக் கம்போஸ்ட்டில் திரும்பப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பாருங்கள், அவ்வளவு சந்தோஷப்படும்.

காண்டாமிருக வண்டின் புழு கட்டைவிரல் தடிமனுக்கு மேலே வளரும். எருக்குழியிலும் மக்கிய தென்னந்தடியிலும்தான் இருக்கும். புழு செடியை ஒன்றும் செய்யாது. அது வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும். பிறகு விரியும் மட்டையில் கத்தரியால் 'வி' வெட்டு வெட்டியது போலத் தெரியும். அக்கம்பக்கத்தில் தென்னை இருந்தால் இந்தப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வாங்கும் தொழுவுரத்தைச் சலித்துவிட்டுத் தொட்டியில் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

நன்றாக இருந்த செடி தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது என்றால் அது வேர்ப்புழு. மண்ணைக் கொட்டிப் பொறுக்குவது ஒன்றுதான் தொட்டிச் செடிக்குச் சரியான வழி.

கம்போஸ்ட் வாளியில் பழுப்பு நிறத்தில் தட்டையான புழுக்கள் கொதிக்கிறது மாதிரி நெளிகின்றன. கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். அது கறுப்பு படைவீரன் ஈயின் புழு. வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு முனை கூர்மையாக இருக்கும். இது தட்டையாக, மேல்தோல் தடித்து, கட்டம் கட்டமாக இருக்கும். சமையல் கழிவை இதைப் போல வேகமாகக் காலிசெய்வது வேறொன்றும் இல்லை. இதன் ஈ கடிக்காது, நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. முற்றிய புழு கறுத்துப்போய்ச் சுவரேறி வெளியே வரும், அதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு அருவருப்பு. காய்ந்த இலையை நிறையப் போட்டு ஈரத்தைக் குறைத்தால் எண்ணிக்கை தானாகக் குறையும்.

காய்க்குள் புழு இருந்தால்?

இங்கே நான் இரக்கம் காட்டச் சொல்லமாட்டேன். கத்தரிக்காயில் இளஞ்சிவப்புப் புழு என்றால் காய்த்துளைப்பான். அதுவே குருத்தையும் துளைக்கும், வாடித் தொங்கும் நுனியை ஒரு விரற்கடை கீழே சேர்த்துக் கிள்ளி அழித்துவிட வேண்டும். தக்காளியில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று தொங்கினால் பச்சைக் காய்ப்புழு. கொய்யாவிலும் பாகற்காயிலும் காலில்லாத வெள்ளைப் புழு இருந்து, வெளியே போட்டதும் உடம்பை வளைத்துத் துள்ளிக் குதித்தால் பழ ஈ. விழுந்த பழத்தை அப்படியே விடாதீர்கள், மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகும்.

மக்காச்சோளக் குருத்தில் புழு இருந்தால் தலையைப் பாருங்கள். 'ஒய்' எழுத்தைத் தலைகீழாக எழுதியது போல வெளிர்க் கோடும், வாலுக்கு முந்தைய கட்டத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளியும் இருந்தால், 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டுப் பிறகு நம் பக்கம் பரவிய அமெரிக்கப் படைப்புழு.

இலையில் வெள்ளைக் கோலம் போட்டது போல வளைந்த கோடுகள். புழுவைக் காணோம்.

புழு இலைக்கு உள்ளேயே இருக்கிறது. மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டும் சின்னஞ்சிறு புழு. வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் கோட்டின் அகலமான முனையில் தெரியும். அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் போதும்.

புழுவின் முதுகில் வெள்ளை அரிசி ஒட்டியது போல இருக்கிறது. முட்டையா? பொரித்துப் பெருகிவிடுமா?

முட்டை இல்லை, குட்டிக் குளவியின் கூடுகள். எறும்பைவிடச் சின்னதான ஒரு குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுவிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து இப்படிப் பட்டுக்கூடு கட்டும். அந்தப் புழு இனி இலை தின்னாது, அதன் கதை முடிந்தது. அதை அப்படியே செடியில் விட்டால் சில நாளில் பத்திருபது குளவி வெளியே வந்து அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.

ஜன்னல் மூலையில் மண்பானை போலக் கூடு கட்டும் குளவியும் இதே தொழில்தான். கூட்டை உடைத்தால் உள்ளே பச்சைப் புழுக்கள் அடைபட்டுக் கிடக்கும். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டுக்குள் புழு போனதையும் குளவி வந்ததையும் கண்ணால் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். நடுவில் நடப்பதுதான் வெளியே தெரியாது. கொட்டியது புழுவை மயக்கிப்போட. கூடவே வைத்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு அந்தப் புழுவைத் தின்று குளவியாகிறது.

படம் எடுத்து யாரிடம் காட்டலாம்?

நான்கு படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில் கால் தெரிய, தலை, அப்புறம் செடி முழுசாக. பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தால் அளவு தெரியும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் உலகம் முழுவதிலுமிருந்து பார்ப்பவர்கள் பெயர் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் முதல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், புழு விஷயத்தில் அது அடிக்கடி தடுமாறும். பயிருக்குச் சேதம் என்றால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையோடு புழுவை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

பார்த்தாயிற்று, கெடுதல் செய்யும் புழுதான். மருந்து அடிக்கலாமா?

தொட்டிச் செடிக்கு முதல் மருந்து கைதான். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போனால் பகலில் மண்ணில் ஒளிந்திருக்கும் வெட்டுப்புழுவெல்லாம் இலையில் இருக்கும். அதையும் மீறினால் வேப்பங்கொட்டைச் சாறு: 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். பி.டி. மருந்து இலைப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் எலுமிச்சை அழகிக்கும் காய்ப்புழுவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தேவையான செடியில் மட்டும் அடியுங்கள்.

எவ்வளவு பார்த்தும் பெயர் தெரியவில்லை. வேறு வழி?

வளர்த்துப் பாருங்கள். வாயகன்ற பாட்டிலில் இரண்டு அங்குலம் லேசான ஈரமண், அதன்மேல் புழு இருந்த அதே செடியின் இலை. வேறு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும். வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வையுங்கள். தினமும் இலையை மாற்றி, எச்சத்தைத் தட்டிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், இலையிலிருக்கும் ஈரமே போதும். ஏறித் தொங்க ஒரு குச்சியும் சாய்த்து வையுங்கள். சில புழுக்கள் மண்ணுக்குள் போகும், சில குச்சியில் நூல் கட்டிக்கொண்டு தொங்கும்.

கூட்டுப்புழு பச்சையாக இருந்தது, இன்று கறுத்துவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். கூட்டின் தோல் கண்ணாடி போல மெலிந்து, உள்ளே மடங்கிய இறக்கையின் புள்ளிகள் தெரிந்தால் நாளைக் காலையில் வந்துவிடும். எலுமிச்சை அழகி என்றால் கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் இப்போதே தெரியும். பச்சையாக இருந்த நாளிலிருந்து அநேகமாக ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும்.

துணியை அவிழ்த்துவிடுங்கள். வெளியே வந்ததும் இறக்கை கசங்கிய துணி மாதிரிதான் இருக்கும், ஊனமோ என்று நினைத்து உதவப் போகாதீர்கள். அது தொங்க ஒரு குச்சியும், இறக்கை விரிய இடமும் வேண்டும், அவ்வளவுதான். அடியில் செம்பழுப்பாக ஒரு சொட்டு விழும், ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறக்கை காய்ந்து, ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கும். அப்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் கண்டுபிடிக்க அந்தப் படம் போதும்.